பகா எண்களின் பேரிடைவெளிகள்

பகா எண்கள் முடிவிலவென யூக்கிளிட்டு நிறுவினார். எனினும் அவை செல்லச்செல்ல அருகுகின்றன. 1 முதல் 10 வரையுள்ள எண்களின் பெருக்கம் 3628800. அதனோடு 2 முதல் 10 வரை ஒவ்வொன்றாகக் கூட்ட எழும் ஒன்பது எண்களுள் ஒன்றேனும் பகா எண்ணாகாது. இவ்வாறு எத்துணை நீண்ட இடைவெளியையும் ஆக்கிக் காட்டலாம். ஆயின், 113க்கும் 127க்கும் இடையிலேயே பதின்மூன்று பகு எண்கள் தொடர்ந்து நிற்கின்றனவே! முதலில் தோன்றும் இடத்தைச் சூத்திரம் சொல்லாது. தேடியே காணல் வேண்டும்.

அத்தேட்டத்தை வீட்டுக் கணிப்பொறிகளும் ஏற்றன. அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரிப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி, 1994இல் இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்ப் பின்னங்களைக் கூட்டுகையில் விடைகள் முரணக் கண்டார். 824633702441 என்னும் எண்ணால் 1ஐ வகுக்கையில் பழைய 486 பொறி சரியாகவும், புதிய பென்டியம் பிழையாகவும் விடை தந்தன. குற்றம் சில்லிலேயே இருந்தது. உற்பத்தியாளரான இன்டெல் நிறுவனம் அவ்வாண்டு டிசம்பரில் அச்சில்லுகளை மாற்றித்தர இசைந்தது.

இடைவெளி தேடுவோர்க்கு இது சிறு செய்தியன்று. நடுவே ஒரு பகா எண்ணைப் பொறி தவறவிடின், இல்லாத இடைவெளியொன்று உண்டாகிவிடும். நைஸ்லி பின்னர் 806, 906 என்னும் புதிய பேரிடைவெளிகளை 1999இல் வெளியிட்டார். அதே ஆண்டில் பெர்டில் நைமன், 1693182318746371ஐ அடுத்து 1132 நீளமுள்ள இடைவெளியைக் கண்டார். அவ்விடத்துச் சராசரி இடைவெளி ஏறத்தாழ 35. இதுவோ அதனின் முப்பத்திரண்டு மடங்கு.