எழுதத் தெரியாதவரின் நூல்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் வரலாற்றைப் போர்க்களங்களில் மட்டுமே தேடுவோர்க்கு இரு சமையல் நூல்களை நாம் பரிந்துரைப்போம்.

முதலாவது, 1847 இல் சாரா ரட்லெட்ஜ் தம் பெயரிடாது, 'சார்ல்ஸ்டன் சீமாட்டி ஒருவர்' என்று மட்டும் குறித்து வெளியிட்ட 'கரோலைனா இல்லத்தரசி'. அரிசிப் பண்டங்கள் அதில் மலிந்துள்ளன. சதுப்பு நிலத்தை வயலாக்கி அந்நெல்லை விளைவித்தோர் ஆபிரிக்க அடிமைகள். சீமாட்டிகளின் அடுப்படிகளில் வெந்தோரும் அவர்களே. மாந்தர் அனைவரும் சமம் எனப் பறைசாற்றிய 1776 ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டோருள் ஒருவர் சாராவின் தந்தை என்பதையும் மறத்தலாகாது.

மற்றையது 1881 இல் சான் பிரான்சிஸ்கோவில் வெளிவந்தது. அதன் ஆசிரியை அபி ஃபிஷர் தென் கரோலைனாவிற் பிறந்தவர், அடிமையாயிருந்தவர், எழுதவோ படிக்கவோ அறியாதவர். அவர் வாய்மொழியாகக் கூறியவற்றைப் பிறர் எழுதிக்கொண்டனர். சோற்றோடு இறைச்சி சேர்த்துச் சமைக்கும் 'ஜம்பலாயா' அங்கு 'ஜம்பர்லி' எனப் பதிவாகியுள்ளது. அதனை நாம் பிழையென்று கொள்ளோம். தென்னகப் பேச்சொலி அயலார் செவியில் விழுந்த விதம் அது. திருத்திய பதிப்பென்னும் பெயரால் எவரும் அதிற் கைவைக்காதிருப்பாராக!

அந்நூலின் இறுதிக் குறிப்பு குழந்தைக்கான கஞ்சி பற்றியது. பதினொரு பிள்ளைகளைப் பெற்று, இக்கஞ்சியூட்டி, அனைவரையும் தாம் வளர்த்தெடுத்ததாக அபி அங்கே கூறுகிறார். அடிமைத் தாயரின் பிள்ளைகளைச் சந்தையில் ஏலமிட்ட நாட்டில் அச்சேறிய கூற்று அது.