சதவீதமும் ஆண்டுகளும்: நீரிழிவு விழித்திரை நோயின் பரவலைப் படிக்கும் முறை

இந்திய நீரிழிவு நோயாளிகளிடம் விழித்திரைப் பாதிப்பு குறைவு என்ற எண்ணத்துக்குப் புள்ளிவிவரங்கள் துணைநிற்பதுபோல் தோன்றும். சென்னையில் நடந்த கியூர்ஸ் கண் ஆய்வு 2005இல் அதை 17.6 சதவீதம் என்றது. 40 வயதைக் கடந்த சென்னை நீரிழிவாளரிடையே சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனை 2009இல் கண்டது 18 சதவீதம். நாட்டின் பல மாநிலங்களில் நடந்து 2022இல் வெளியான ஸ்மார்ட் இந்தியா ஆய்வு காட்டுவது 12.5. உலகெங்கும் நடந்த 35 ஆய்வுகளைத் தொகுத்து யாவ் குழுவினர் 2012இல் பெற்ற விகிதமோ 34.6. இந்த இடைவெளியை நம் உடலுக்கு வாய்த்த இயற்கைக் காப்பாகக் கொள்ளலாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பரவல் விகிதம் யாரைச் சேர்த்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. கியூர்ஸில் நோய் இருப்பதை முன்பே அறிந்தவர்களிடம் பாதிப்பு 20.8 சதவீதம், ஆய்வின்போதே நோய் கண்டறியப்பட்டவர்களிடம் 5.1. இவ்விரண்டும் கலந்து பெற்றதே 17.6. புதிதாகக் கண்டறியப்படுவோர் கூடினால் மொத்த விகிதம் தாழும். அதனால் எவர் கண்ணும் காக்கப்பட்டுவிடாது. யாவ் தொகுப்பிலும் நோய் தொடங்கிப் பத்தாண்டு ஆகாதவர்களிடம் 21.1 சதவீதமாக இருந்த பாதிப்பு, இருபது ஆண்டைத் தாண்டியவர்களிடம் 76.3. அத்தொகுப்பில் முதல் வகை நீரிழிவினரும் அடங்குவர். விழித்திரையின் எத்தனை பகுதிகளைப் படமெடுத்தார்கள் என்பதும் விகிதத்தை மாற்றும். மரபுவழி வேறுபாடு அறவே இல்லை என்று இதனால் நிறுவிவிட முடியாது. ஆனால் அத்தகைய வேறுபாடு உண்டு என்று வாதிடுபவர், நோயின் வயதும் சர்க்கரை அளவும் ஒத்தவர்களையே முதலில் ஒப்பிட வேண்டும்.

இடர்க்காரணிகளும் இதே திசையைக் காட்டுகின்றன. கியூர்ஸ் கணக்கில், நோயின் காலம் ஐந்தாண்டு கூடும்போதெல்லாம் பாதிப்புக்கான வாய்ப்பு 1.89 மடங்காகிறது, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 2 சதவீதப் புள்ளி உயர்ந்தால் 1.7 மடங்கு. மிகுந்த சர்க்கரை விழித்திரையின் நுண்குழாய்ச் சுவரைத் தளர்த்துகிறது. குழாய்கள் கசியும், அடைபடும். இரத்தம் எட்டாத திசுவின் தூண்டலால் முளைக்கும் புதுக்குழாய்கள் எளிதில் உடையும். சர்க்கரைக்கும் பாதிப்புக்கும் உள்ள தொடர்பு வெறும் உடனிகழ்வு அன்று என்பதற்குச் சிகிச்சைச் சோதனைகளே சான்று. 1993இல் வெளியான டிசிசிடி ஆய்வில், கடுமையான சர்க்கரைக் கட்டுப்பாடு முதல் வகையினரிடம் புதிய பாதிப்பை 76 சதவீதமும், இருந்த பாதிப்பு முற்றுவதை 54 சதவீதமும் குறைத்தது. இரண்டாம் வகையினரிடம் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியதால் விழித்திரைப் பாதிப்பு முற்றுவது 34 சதவீதம் குறைந்ததைப் பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வு காட்டியது. சிறுநீரகப் பாதிப்பும் கருவுறுதலும் இடரைக் கூட்டுகின்றன.

ஆக, இன்றைய தாழ்ந்த சதவீதம் நோயின் இளமையையும் ஓரளவு சுட்டுகிறது. ஐசிஎம்ஆர்-இன்டியாப் (INDIAB) ஆய்வு 2023இல் மதிப்பிட்ட 10.1 கோடி நீரிழிவாளர்கள் நோயோடு நெடுநாள் வாழும்போது, கட்டுப்பாடு மேம்படாவிட்டால், இவ்விகிதம் ஏறும். பாதிப்பு முற்றும்வரை பார்வை தெளிவாகவே இருக்கக்கூடும் என்பதால், மங்கலை உணர்ந்து நோயாளி வரட்டும் என்று காத்திருப்பது பயன் தராது. நோய் தெரிந்த வேளையிலேயே நூற்றில் ஐவர் பாதிக்கப்பட்டிருப்பதால், இரண்டாம் வகையினருக்கு முதல் விழித்திரைச் சோதனை அன்றே தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நீரிழிவு மருந்தை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. அத்திட்டத்தின் பதிவேட்டில் நோய் தொடங்கிய ஆண்டும் கடைசியாக விழித்திரைப் படமெடுத்த நாளும் இடம்பெற்றால், யாரை முதலில் அழைப்பது என்பது தெளிவாகும். இனிவரும் ஆய்வுகளும் ஒற்றைச் சதவீதத்தோடு நிற்காமல், நோயின் கால அளவுவாரியாக விகிதங்களை வெளியிட வேண்டும்.