சூளையும் சில்லும்: நகரத்துப் பிள்ளைகளும் மண்கலைப் பட்டறைகளும்

அமெரிக்க நகரங்களில் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்கலத் தொழிலையும், ஓட்டுச் சில்லுகளைப் பதித்து உருவம் அமைக்கும் மொசைக் கலையையும் கற்பித்த சமூகப் பட்டறைகளின் வேர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய ‘செட்டில்மெண்ட் இல்லம்’ என்னும் அமைப்பில் இருக்கிறது. படிப்பும் வசதியும் உள்ளவர்கள் ஏழைகள் வாழும் தெருவிலேயே குடியமர்ந்து, அக்கம்பக்கத்தாரோடு கலந்து வாழ்ந்தபடியே வகுப்புகளும் மன்றங்களும் நடத்திய இல்லங்கள் அவை. 1884இல் லண்டனில் தோன்றிய டாய்ன்பி ஹாலை முன்மாதிரியாகக் கொண்டு ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889இல் சிகாகோவில் ஹல் ஹவுஸை நிறுவினர். அங்கே 1900இல் தொடங்கப்பட்ட தொழில் அருங்காட்சியகத்தின் நோக்கம் குறிப்பிடத்தக்கது: ஆங்கிலம் கற்றுக்கொண்ட, குடியேறியோர் வீட்டுப் பிள்ளைகள், நூற்கவும் நெய்யவும் மண்பிடிக்கவும் மட்டுமே தெரிந்த தங்கள் பெற்றோரை இளக்காரமாகப் பார்க்கத் தொடங்கியிருந்த நிலையில், அந்தக் கைத்திறன்களை அவர்கள் கண்முன் செய்துகாட்டி மதிப்பை மீட்டுத் தர ஆடம்ஸ் முயன்றார்.

கைவினை வகுப்பு, சோறு போடும் தொழிலாகவும் ஆகவேண்டும் என்ற எண்ணம் பாஸ்டன் நகரில் இன்னும் வெளிப்படையாகச் செயற்பட்டது. இத்தாலியரும் யூதரும் நெருக்கமாகக் குடியேறியிருந்த நார்த் எண்ட் பகுதியில் நூலகராக இருந்த ஈடித் கெரியர், பெண்பிள்ளைகளுக்காக நடத்திய வாசிப்பு மன்றங்களில் ஒன்று சனிக்கிழமை மாலைகளில் கூடியதால் ‘சாட்டர்டே ஈவினிங் கேர்ள்ஸ்’ என்று அறியப்பட்டது. கெரியரும் அவருடைய தோழியான ஓவியர் ஈடித் பிரவுனும் அம்மன்றத்துக்கு ஒரு சூளை வாங்கித் தந்து மட்கலப் பணியைத் தொடங்கினர். ஹெலன் ஸ்டாரோ என்னும் செல்வச் சீமாட்டியின் கொடையால் 1908இல் அதற்குத் தனிக் கட்டடமும் கிடைத்தது. பழைய வடக்குத் தேவாலயத்துக்கு அருகில் அமைந்ததால், அத்தேவாலயத்தின் விளக்குச் சைகையோடு பெயர் பிணைந்த விடுதலைப்போர் வீரரை நினைவூட்டும் வகையில் ‘பால் ரிவியர் பாட்டரி’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது. வேலை நடந்த விதம் அக்காலத் தொழிற்கூடங்களில் காணக் கிடைக்காதது. வெளிச்சமும் காற்றும் உள்ள அறையில் பெண்கள் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்க, ஒருவர் புத்தகத்தை உரக்க வாசிப்பார்.

அப்பட்டறையின் புகழ்பெற்ற சரக்கு, குழந்தைகளுக்கான காலைச் சிற்றுண்டிக் கலங்கள். கோழிக்குஞ்சு, முயல், வாத்து முதலிய உருவங்களைக் கறுப்புக் கோட்டால் வரைந்து, கோட்டுக்குள் மெருகை, அதாவது சூளை வெப்பத்தில் உருகிக் கண்ணாடிபோலப் படியும் பூச்சை, நிரப்பிச் சுட்டெடுத்தனர். வாங்குவோர் விரும்பினால் குழந்தையின் பெயரையும் எழுதித் தந்தனர். ஆனால் வடிவங்களைப் பெரும்பாலும் பிரவுன் வகுத்துக் கொடுத்தார். பெண்கள் அவற்றைப் பிசகின்றி நிரப்பினர். அவர்களுக்கென்று எஞ்சிய இடம், கலத்தைக் கவிழ்த்தால் அடியில் தெரியும் பெயரெழுத்துகள்தான். இன்று அருங்காட்சியகங்கள் அந்த இரண்டு மூன்று எழுத்துகளைக் கொண்டே யார் தீட்டியது என்று அடையாளம் காண்கின்றன. 1915இல் பிரைட்டன் பகுதிக்கு இடம்பெயர்ந்த இப்பட்டறை, தன் வருவாயில் தன்னைத் தாங்கிக்கொள்ள இயலாமல், கொடையைச் சார்ந்தே நடந்து 1942இல் மூடப்பட்டது. ஹல் ஹவுஸில் 1920களின் இறுதியில் மெர்ட்டில் மெரிட் பிரெஞ்ச் நடத்திய சூளைக்கூடத்தில், பயின்றவர்களில் பலர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். அங்கே பயில்வோரின் சொந்தக் கற்பனைக்குக் கூடுதல் இடம் இருந்தபோதிலும், சரக்கு விற்றாகவேண்டும் என்ற கட்டாயம் அங்கும் விலகவில்லை.

இதற்குக் காரணம் சூளையே. எரிபொருள் செலவு பிடிக்கும். ஒரு கலத்தில் ஈரம் தங்கியிருந்து வெடித்தால் பக்கத்திலிருக்கும் கலங்களும் கெடும். செலவை ஈடுகட்ட விற்கவேண்டும், விற்பதற்கு ஒன்றுபோல் ஒன்று இருக்கவேண்டும். தேறாத கைக்கு அங்கே இடமில்லை. ஏற்கெனவே சுட்ட ஓட்டை உடைத்துப் பதிக்கும் மொசைக்குக்கு இத்தொல்லை எதுவும் கிடையாது. பார்சிலோனாவில் 1900க்கும் 1914க்கும் இடையில் உருவான குவெல் பூங்காவின் வளைந்த இருக்கையில், கட்டடக் கலைஞர் கௌடியும் அவருடைய உடனுழைப்பாளர் ஜுஜோலும் உடைந்த ஓடுகளையும் பீங்கான் துண்டுகளையும் பதித்துக் காட்டிய ‘டிரென்காடிஸ்’ முறையில், சில்லு எவ்வளவு கோணலாக இருந்தாலும் அதற்கேற்ற இடம் கிடைத்துவிடும். பத்து வயதுப் பிள்ளையின் கைக்கும் அவ்வாறே.

அந்த முறை நியூயார்க்கில் ஒரு கல்லறையைச் சுற்றி வந்து சேர்ந்தது. உள்நாட்டுப் போரின் தளபதியும் பின்னர் அதிபருமான யுலிசிஸ் கிராண்டின் நினைவு மண்டபம், 1897இல் ஹட்சன் ஆற்றை நோக்கிய மேட்டில், ஹார்லெமுக்கு அருகில் திறக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அது சுவர்க் கிறுக்கல்களும் சேதமுமாகக் கிடந்தது. தேசியப் பூங்காத் துறை, கிராண்ட் 1872இல் யெல்லோஸ்டோனை முதல் தேசியப் பூங்காவாக்கிய சட்டத்தின் நூற்றாண்டையொட்டி, சிலி நாட்டில் பிறந்த கலைஞர் பெட்ரோ சில்வாவையும் சிட்டிஆர்ட்ஸ் என்னும் சமூகக் கலைப் பட்டறையையும் அழைத்தது. கட்டடக் கலைஞர் பிலிப் டான்சிக்கும் சேர்ந்துகொள்ள, 1972 முதல் 1974 வரை மண்டபத்தின் பக்கங்களில் நெளிந்தோடும் கான்கிரீட் இருக்கைகள் எழுந்தன. அவற்றை ஓட்டுச் சில்லுகளால் போர்த்தியவர்கள் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளும் பெரியவர்களுமான நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள். பதித்த உருவங்களில் கிராண்டுக்குச் சம்பந்தமில்லாத வாடகைக் காரும் டொனால்ட் டக்கும் இருந்தன. பாஸ்டனின் முயல்களைப் போல இவை ஒருவர் வகுத்துக் கொடுத்தவை அல்ல. நகரத்துப் பிள்ளை தன் கண்ணில் பட்டதையும் மனத்தில் பட்டதையும் பதித்தது. தங்கள் கை பட்ட இடத்தை அக்கம்பக்கத்தார் கெடுக்கமாட்டார்கள் என்பது துறையின் கணக்கு. அதை முழு நம்பிக்கையோடு ஏற்க இயலாது. 1990களின் தொடக்கத்தில் மண்டபம் மீண்டும் கவனிப்பாரற்ற நிலையை அடைந்திருந்தது.

கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அந்நிலையைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்ததும், கிராண்டின் வழித்தோன்றல்கள் உடலையே வேறிடத்துக்கு மாற்றிவிடுவதாக எச்சரித்ததும், சீரமைப்புக்கு வழிவகுத்தன. 1997இல் மண்டபம் மறுபடி அர்ப்பணிக்கப்பட்ட வேளையில், இருக்கைகளை அகற்றவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. கருங்கல்லின் அமைதியோடு பல நிறச் சில்லுகள் ஒட்டவில்லை, ஒரு தளபதியின் கல்லறைக்கு இது அழகல்ல என்பது அகற்ற விரும்பியோர் வாதம். அவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நேரில் பார்ப்பவருக்கு அந்த முரண் கண்ணில் படாமல் போகாது. எனினும் பகுதிவாசிகள் எதிர்த்தனர், இருக்கைகள் தப்பின. விற்பனைக்கான கலமாக இருந்திருந்தால் வாங்கியவர் உடைத்தாலும் கேட்பாரில்லை. பொது இடத்தில் பதித்ததால்தான், பதித்தவர்களுக்கு அதில் பேச்சுரிமை வந்தது.

2008இல் சில்வாவின் பங்கேற்போடு இருக்கைகள் செப்பனிடப்பட்டன. நியூயார்க் குளிரில் சில்லுகளின் இடைவெளிச் சாந்துக்குள் புகும் நீர் உறைந்து விரிவடைந்து, ஓட்டைக் கான்கிரீட்டிலிருந்து நெம்பிவிடுகிறது. நீரை அதிகம் உறிஞ்சும் சுவர் ஓடுகள் முதலில் பெயர்கின்றன. கையில் கிடைத்ததையெல்லாம் பதித்த பட்டறைகளில் இது தவிர்க்க முடியாத விளைவு. பிற்காலச் சமூகப் பட்டறைகள் அடர்த்தியாகச் சுட்ட ஓடுகளைத் தேர்ந்தெடுப்பதும், பிள்ளைகள் மேசையில் வலைத்துணிமேல் ஒட்டிய பகுதியைப் பின்னர்ச் சுவரில் கட்டுமானத் தொழிலாளர் பதிப்பதும், இத்தகைய அனுபவங்கள் கற்பித்த வழக்கங்களே.