சரத் ருதுவும் பாட்டியின் அண்டாவும்

மாத்யாஹ்னிகத்தில் சூரியனைப் பார்த்துப் பிரார்த்திக்கும்போது நாம் ஆயுளை வருஷக் கணக்கில் கேட்பதில்லை; நூறு சரத் ருது என்று கேட்கிறோம். ஏன் சரத்? மழை ஓய்ந்து ஜுரம் பரவும் காலம் அது. அதைத் தாண்டியவன் அந்த வருஷத்தையே தாண்டியவன் என்று பெரியோர்கள் கருதியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

சரத் ருதுவில் பித்தம் மேலோங்கும், தயிர், பகல் தூக்கம், கடும் வெயில், வயிறு முட்டச் சாப்பிடுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்கிறது வாக்படரின் அஷ்டாங்க ஹ்ருதயம். தமிழ்நாட்டிலோ ஐப்பசி என்றால் அடைமழை. ஆகவே கங்கா ஸ்நானமும், சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் சேர்த்த தீபாவளி லேகியமும் அங்கே பொருத்தம். தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் மாதுங்காவுக்கு வந்தவர்கள் இவற்றையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஆனால் மும்பையில் அக்டோபர் இரண்டாவது கோடை. பகலில் 35 டிகிரியைத் தொடும். இங்கே லேகியம் ஒரு சிறு உருண்டை போதும். நம் மராட்டிய அண்டை வீட்டாரும் நரக சதுர்த்தசி விடியலில் எண்ணெய் தேய்த்துத்தான் குளிக்கிறார்கள்.

இந்த நகரத்தின் சரத் கால ஜுரத்தை அடக்கியது வேறொன்று. 1896ல் பிளேக் பரவியதை அடுத்து, 1898ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைந்தது. காற்றும் வெளிச்சமும் வரும்படி அது திட்டமிட்ட பகுதிகளில் ஒன்றுதான் மாதுங்கா. நம்மவர்கள் அங்கே குடியேறி, 1932ல் எஸ்.ஐ.இ.எஸ். கல்வி ஸ்தாபனத்தையும் கண்டார்கள்.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான ஆதாரத்தை 1897ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டார். மும்பை மலேரியாவை ஆராய்ந்த டாக்டர் பென்ட்லி, அந்தக் கொசு முக்கியமாக வீட்டுக் கிணறுகளில் வளர்கிறது என்று 1911ல் அறிக்கை தந்தார். கிணறுகளை மூடும்படி உத்தரவுகள் வந்தன. கிணற்று நீர் பூஜைக்கு வேண்டும் என்று பார்ஸிகளும் ஹிந்துக்களும் ஆட்சேபித்தார்கள். ஆயினும் பல கிணறுகள் மூடப்பட்டன.

இன்று அந்த இடத்தில் டெங்கு நிற்கிறது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. சுத்தமான தேங்கிய நீரே அதற்குப் போதும். குழாயில் சில மணி நேரமே தண்ணீர் வரும் தாராவியில் டிரம் இல்லாமல் குடித்தனம் நடக்காது. மாதுங்காவில் மொட்டைமாடித் தொட்டி, செம்பூரில் பால்கனிப் பூந்தொட்டியின் தட்டு. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும். நீரைக் கொட்டினால் மட்டும் போகாது, தேய்க்க வேண்டும்.

மாதுங்காவில் என் பாட்டி வெள்ளிக்கிழமைதோறும் பித்தளை அண்டாவைக் கவிழ்த்துப் புளி போட்டுத் தேய்ப்பாள். அவளுக்கு அது ஆசாரம். விலங்கியல் படித்த எனக்கு, கொசு ஒழிப்புக்கு அதைவிட நல்ல முறை தெரியவில்லை.

ஆகவே அங்கத்தினர்களுக்கு என் வேண்டுகோள்: வாரம் ஒரு நாள் நீர்ப் பாத்திரங்களைக் காலி செய்து, தேய்த்து, மூடி வையுங்கள். ஜுரம் வந்தால் லேகியம், கஷாயத்தோடு நின்றுவிடாமல் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்கு சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் தாமாக எடுக்கக் கூடாது. இருதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வசிக்கும் முதியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களால் தொட்டியைக் கவிழ்க்க முடியாது. பக்கத்தில் இருப்பவர்கள் தீபாவளி பட்சணம் கொடுக்கப் போகும்போது அதையும் பார்த்துச் செய்துவிட்டு வாருங்கள்.