ஓவியத்துள் ஒரு விடுகதை

விடுகதை என்றால் வாயால் சொல்லிச் செவியால் கேட்பது என்றே நாம் எண்ணுகிறோம். வண்ணத்தால் போட்ட விடுகதைகளும் உலகில் உண்டு. அத்தகைய ஒன்றைப் பற்றியும், அதனை அவிழ்க்கத் தெரியாமல் ஆசிரியனாகிய நான் இழைத்த தவறு பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் 'தூதர்கள்' என்னும் பெயரால் வழங்கும் ஓவியம் ஒன்று இருக்கிறது. செருமானிய ஓவியர் இளைய ஹான்ஸ் ஹோல்பைன், 1533ஆம் ஆண்டில், தாம் இங்கிலாந்தில் வாழ்ந்த நாளில், கருவாலி மரப் பலகைகளின் மேல் தீட்டியது. உயரம் ஏறத்தாழ 207 சென்டிமீட்டர். அகலம் அதனினும் சற்று மிகுதி. ஆகவே, அதில் நிற்கும் இருவரும் ஏறக்குறைய ஆளுயரத்திலேயே காட்சி தருகின்றனர். இடப்பக்கத்தவர் மென்மயிர்த் தோல் பதித்த ஆடம்பர உடையினர்; வலப்பக்கத்தவர் அடக்கமான நிறத்து நீண்ட அங்கியினர். நடுவே ஈரடுக்கு மேசை. மேலடுக்கில் வான்கோளமும் நிழற்கடிகாரங்களும். கீழடுக்கில் நிலவுலக உருண்டையும் நூல்களும் இசைக் கருவிகளும். இவற்றுக்கெல்லாம் கீழே, தரையின் குறுக்கே, இன்னதென்று அறியவொண்ணாத ஏதோ ஒன்று வெளிறிய நிறத்தில் சாய்ந்து நீண்டு கிடக்கிறது.

1987ஆம் ஆண்டு நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியனாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு ஐரோப்பிய மறுமலர்ச்சிப் பாடம் நடத்துகையில், பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூலொன்றிலிருந்து இந்த ஓவியத்தைக் காட்டினேன். "கீழே கிடப்பது என்ன, ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "அச்சுப் பிழை, மை இழுபட்டுவிட்டது" என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். நூல் கைமாறிக் கடைசி வரிசைக்குச் சென்றது. அங்கே ஒரு சிறுவன் அதனைக் கண்ணருகே தூக்கி, ஏட்டின் வலப்புற விளிம்பில் கன்னம் படுமாறு சாய்த்து வைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் பார்த்தான். வகுப்பு சிரித்தது. என்னைக் கேலி செய்கிறான் என்று கருதிய நான், அவனை வெளியே நிற்கச் செய்தேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் கேட்கவில்லை.

அன்றிரவு வீட்டில் அந்த நூலைத் திறந்தேன். அவன் செய்தவாறே செய்து பார்த்தேன். இழுபட்ட மை சுருங்கித் திரண்டு, பல்லும் கண்குழியுமாக ஒரு மண்டை ஓடாக எழுந்து நின்றது. அச்சில் பிழையில்லை, பிழை என்னிடத்தில் இருந்தது. மறுநாள் வகுப்பினர் அனைவர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "எப்படிக் கண்டாய்?" என்றேன். "அது கோணலாக இருந்தது, ஐயா. அதனால் நானும் கோணலாகப் பார்த்தேன்" என்றான். ஓவியக் கலை பற்றி அதனினும் நல்ல பாடத்தை நான் கேட்டதில்லை.

அதன்பின் இந்த ஓவியத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1890ஆம் ஆண்டில் தேசிய ஓவியக்கூடம் இதனை வாங்கியபோது, இருவரும் யாவர் என்பதே உறுதியாகத் தெரியவில்லை. துப்புகளோ ஓவியத்துக்குள்ளேயே இருந்தன. நிலவுலக உருண்டையில் பெருநகரங்களுக்கு நடுவே போலிசி என்னும் சிற்றூரின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. எந்த உருண்டையிலும் இடம்பெறத் தகுதியற்ற அவ்வூர் இங்கே வருவானேன்? அது இடப்பக்கத்தவரின் சொந்த ஊர். அவர் கைவாளின் உறையில் 29 என்ற எண்ணும், மற்றவர் முழங்கையூன்றிய நூலில் 25 என்ற எண்ணும் அவரவர் வயதைச் சொல்கின்றன. மேரி ஹெர்வி என்னும் அம்மையார் பழைய ஆவணங்களை ஆராய்ந்து, 1900இல் வெளியிட்ட நூலில் இருவரையும் அடையாளம் காட்டினார். ஒருவர் இங்கிலாந்துக்கு வந்த பிரெஞ்சுத் தூதர் ழான் த தாந்தவீல். மற்றவர் அவர் நண்பரும் சமயத் தலைவருமான ழோர்ழ் த செல்வ்.

ஆண்டினை அறிந்தால் மற்றப் பொருள்களும் பேசத் தொடங்கும். 1533 ஐரோப்பா பிளவுபட்ட காலம். 1517இல் லூதர் தொடங்கிய சமயப் பூசல் பரவியிருந்தது. எட்டாம் ஹென்றி மன்னர் தம் அரசி காத்தரீனை விலக்கி ஆன் பொலினை மணந்தார். அவ்வாண்டு ஜூன் முதல் நாள் ஆன் பொலினுக்கு முடிசூட்டு விழா நடந்தது. மறு ஆண்டிலேயே இங்கிலாந்துத் திருச்சபை உரோமாபுரியிடமிருந்து சட்டப்படி பிரிந்தது. இப்போது கீழடுக்கைப் பாருங்கள். 'லூட்' என்னும் நரம்பிசைக் கருவியில் ஒரு நரம்பு அறுந்திருக்கிறது. இசைவு குலைந்தது என்பது குறிப்பு. அருகே விரித்து வைத்திருப்பது லூதர் வழிப் பாடல் நூல். வணிகர்க்காகப் பீட்டர் அப்பியன் எழுதிய கணக்கு நூலும் அங்கே திறந்திருக்கிறது. எந்தப் பக்கம் தெரியுமா? வகுத்தல் கணக்குப் பக்கம். பிரிவினைக் காலத்தில் வகுத்தல் கணக்கு! மேலே இடது மூலையில், பச்சைத் திரைக்குப் பின்னே பாதி மறைந்து, வெள்ளியாலான சிலுவை உருவம் ஒன்றும் தெரிகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மண்டை ஓடு. தாந்தவீலின் தொப்பியிலுள்ள சிறு அணியிலும் மண்டை ஓடே இருக்கிறது. சாவை மறவாதே என்பது அவர் விரும்பி மேற்கொண்ட நினைவூட்டல். இங்கே ஹோல்பைனின் திறத்தை எண்ணிப் பாருங்கள். நேரே நின்றால் செல்வமும் கல்வியும் இளமையும் தெளிவாகத் தெரியும். சாவு வெறுங்கறையாகத் தோன்றும். வலப்பக்கம் ஒதுங்கிச் சாய்ந்து நோக்கினால் சாவு தெளிவாகும். செல்வமும் கல்வியும் உருக்குலையும். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று காண இயலாது. செல்வ் 1541இல் மறைந்தார். ஓவியரே 1543இல் இலண்டனில் மறைந்தார்.

விடுகதையை அவிழ்த்தபின் ஓவியத்தால் பயனில்லையோ என்று சிலர் வினவலாம். விடை தெரிந்த விடுகதையை நாம் மறுமுறை கேட்பதில்லை. நல்ல ஓவியமோ அப்படிப்பட்டதன்று. விடை தேடுவதற்காகவே நான் ஒவ்வொரு மூலையையும் உற்று நோக்கினேன். அப்படி நோக்கியபோதுதான் மென்மயிரின் மென்மையும், விரிப்பின் நெசவும், தரையின் கோலமும், அவ்விருவர் கண்களில் உள்ள அமைதியும் எனக்குப் புலப்பட்டன. துப்பு என்பது வாயிற்படி. கலை உள்ளே இருக்கிறது.

அந்நாள் தொட்டு, ஓய்வு பெறும் வரையில், வகுப்பில் எந்தப் படத்தைக் காட்டினாலும் முதல் ஐந்து நிமிடம் நான் வாய் திறப்பதில்லை என்று விதி வகுத்துக்கொண்டேன். பிள்ளைகள் பார்ப்பார்கள், பார்த்ததைச் சொல்வார்கள், தெரியாததை நானும் தெரியாது என்பேன். அன்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு படத்தைத் தலைகீழாகவோ கோணலாகவோ பிடித்துப் பார்த்தால், உடனே நிமிர்த்திக் கொடுத்துவிடாதீர்கள். என்ன தெரிகிறது என்று முதலில் கேளுங்கள். பிறகு நீங்களும் அவ்வாறே சாய்ந்து பாருங்கள்.