செம்புள்ளிக் குறி
போட்டிக் கைத்துப்பாக்கியின் மேல் பொருத்தும் ‘ரெட் டாட்’ கருவியை லேசர் என்றே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. லேசர் ஒளி இலக்கின் மேல் போய் விழும். இந்தச் சிவப்புப் புள்ளியோ கருவியின் கண்ணாடியில், சுடுபவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975இல் இவ்வகைக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இக்கருவிக்கு ஒரு தமிழ்ப் பெயர் தேடினேன். ‘துப்பாக்கி’ துருக்கி மொழி வழியாக வந்த சொல். துப்பு, ஆக்கி என்று பிரித்துப் பொருள் சொல்வது பொருந்தாது. ஆனால் ‘குறி’ நம்முடையது. மாட்டுக்குச் சுடும் சூட்டுக்குறியில் அடையாளம், வேடன் வைக்கும் குறியில் இலக்கு, குறத்தி சொல்லும் குறியில் வரப்போவது என்று அதன் பொருள் விரிந்துகொண்டே போகிறது. குறிப்பும் குறிக்கோளும் அதன் கிளைகளே. ‘குறிகாட்டி’ எனலாம்தான்; அதைப் பொருளியலார் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘செம்புள்ளிக் குறிநோக்கி’ என்பதே என் தேர்வு.