கணினிக்கு ஒலிபெருக்கி வாங்குகிறீர்களா? 'வாட்' எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

வானொலிப் பெட்டி இருந்த இடத்தை இன்று பல வீடுகளில் கணினி பிடித்துக்கொண்டது. மின்னல் பண்பலை முதல் பழைய திரைப்பாடல்கள் வரை எல்லாவற்றையும் அதிலேயே கேட்கலாம். ஆனால் மடிக்கணினியின் சிறு ஒலிபெருக்கியில் பாடகரின் குரல் கேட்கும். தபேலாவின் அடியும் பேஸ் கித்தாரும் காணாமல் போய்விடும். தனி ஒலிபெருக்கி வாங்க நினைப்போர், சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொடுக்கும் முன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

எந்த வாட்?

மலிவான பெட்டிகளில் 'பி.எம்.பி.ஓ.' என்று நூற்றுக்கணக்கான வாட் அச்சிட்டிருப்பார்கள். அது கணநேர உச்ச அளவு. அதைக் கணக்கிடப் பொதுவான முறை எதுவும் இல்லை. தொடர்ந்து எவ்வளவு சக்தி தரும் என்பதைச் சொல்வது 'ஆர்.எம்.எஸ்.' அளவு. லாஜிடெக் இசட் 313 கருவியின் உச்ச அளவு 50 வாட், ஆர்.எம்.எஸ். 25 வாட். ஒரே பொருளுக்கே இரண்டு எண்கள்! எனவே இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஆர்.எம்.எஸ். அளவை மட்டும் பாருங்கள். மேசைமுன் அமர்ந்து கேட்க 10 முதல் 20 வாட் தாராளம்.

2.0, 2.1 என்ன வேறுபாடு?

2.0 என்றால் இரண்டு பெட்டிகள். 2.1 என்றால் கூடவே கனத்த ஒலிக்கென ஒரு சப்வூஃபர். பேஸ் கித்தாரின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிரும். இரண்டு, மூன்று அங்குல ஒலிபெருக்கியால் அதை அழுத்தமாகத் தர முடியாது. புதிய குத்துப்பாடல்களை விரும்புவோருக்கு 2.1 பிடிக்கும்.

ஆனால் கனத்த ஒலி சுவரைத் தாண்டும். தோட்டத்து லயத்திலும் அடுக்குமாடியிலும் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை விழித்துக்கொள்ளும். கர்நாடக இசைக்கும் குரலே முதன்மையான பழைய பாடல்களுக்கும் நல்ல 2.0 போதும். 1950களின் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ பதிவுகள். அவற்றுக்குத் தேவை குரல் தெளிவே.

சிறிய மேசைக்குச் சிங்கப்பூர் நிறுவனமான கிரியேட்டிவின் பெபல் போன்றவை யூ.எஸ்.பி. மின்சாரத்திலேயே இயங்கும். இடமும் பணமும் இருந்தால் எடிஃபையர் ஆர் 1280 டி போன்ற நான்கு அங்குலப் பெட்டிகள் நிறைவான ஒலி தரும்.

இணைப்பும் இடமும்

ஆம்ப்ளிஃபையர் உள்ளே இருக்கும் 'ஆக்டிவ்' வகையையே கேட்டு வாங்குங்கள். பழைய ஹைஃபை பெட்டிகளை நேரடியாகக் கணினியில் செருகினால் வேலை செய்யாது. புளூடூத் வசதிதான், ஆனால் படம் பார்க்கும்போது உதட்டசைவுக்குப் பின் ஒலி வரலாம். கம்பி இணைப்பில் அந்தத் தொல்லை இல்லை.

இரு பெட்டிகளும் உங்கள் தலையும் சம முக்கோணமாக அமையட்டும். பெட்டிகள் காது உயரத்துக்கு நிமிர்ந்து, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கட்டும். மூலையில் ஒட்டி வைத்தால் கனத்த ஒலி மட்டும் உப்பிப்போகும்.

கடையில் கவனிக்க

* நன்கு பழகிய ஒரு பாடலைக் கைப்பேசியில் கொண்டுசென்று கேட்டுப் பாருங்கள். ஒலியைக் கூட்டும்போது குரல் கரகரத்தால் வேண்டாம்.
* தரம் குறைந்த பாடல் கோப்பை எந்த ஒலிபெருக்கியும் சீராக்காது.
* சுவர் மின்சாரத்தில் இயங்குவதாயின் மூன்று முனைப் பிளக்கும் சிரிம் முத்திரையும் உள்ளனவா எனப் பாருங்கள்.
* இடி மின்னலின்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.
* ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். பழுதான பொருளைக் கடை மாற்றித்தர மறுத்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமலே மனு செய்யலாம். ரசீது இல்லாவிட்டால் வாங்கியதை மெய்ப்பிப்பது கடினம்.